முகவரி அறிவோம்

பாடம் 7 – உரைநடை

நுழையும்முன்

வீடு இருந்தால் மட்டும் போதாது. அவ்வீட்டைப் பிறர் கண்டடைய ஒரு முகவரியும் வேண்டும். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்கள் இவ்வுண்மையை நன்கு அறியும். மண்ணில் உள்ள வீட்டிற்கு முகவரி இருப்பதுபோலவே இணையத்தில் உள்ள இடங்களுக்கும் முகவரி உண்டு. அம்முகவரிகள் எவ்வாறு அமைகின்றன, ஒரு மின்னஞ்சல் எவ்வாறு உரியவரைச் சென்றடைகிறது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

எந்த முகவரியை எழுதுவது?

ஒருநாள் வகுப்பில், "உங்கள் முகவரியைத் தாளில் எழுதுங்கள்" என்றேன். சிலர் எல்லைக்கு இப்பால் தாம் குடியிருக்கும் வாடகை வீட்டின் முகவரியை எழுதினர். சிலர் எல்லைக்கு அப்பால் பாட்டி வாழும் வீட்டின் முகவரியை எழுதினர். ஒரு மாணவன் மட்டும் எழுதுகோலைத் திறக்கவில்லை. "சென்ற ஆண்டு இருந்த வீடா, இப்போது இருக்கும் வீடா, எதை எழுதுவது ஐயா?" என்று கேட்டான். அவன் தந்தை கட்டடத் தொழிலாளி. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே அவர்கள் வீடும் மாறும். அவன் கேள்வியில் பொருள் இருந்தது. நிலையான முகவரி என்பது எல்லாருக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

ஓர் ஊர், இரு மாநிலம்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறும் சாலை ஆனைகட்டியில் மாநில எல்லையைத் தொடுகிறது. எல்லையைக் கடந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. அகளி, புதூர், ஷோலையூர் ஆகிய ஊராட்சிகள் அங்கு உள்ளன. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களும் தமிழரும் மலையாளிகளும் அங்கே கலந்து வாழ்கின்றனர். ஆனைகட்டி என்னும் பெயரோ எல்லைக்கோட்டின் இருபுறமும் வழங்குகிறது.

"ஆனைகட்டி" என்று மட்டும் உறையின்மேல் எழுதி அஞ்சல் பெட்டியில் இட்டால் அக்கடிதம் எங்கே செல்லும்? எல்லையின் இப்புறமா, அப்புறமா? இடர் அத்துடன் முடிவதில்லை. நீலகிரி மாவட்டத்தில் மசினகுடிக்கு அருகில் மற்றோர் ஆனைகட்டி இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்னும் ஊர் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது இப்பெயர்கள் ஒன்றையொன்று ஒத்துக் காணும். ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் நம்பினால் கடிதம் வழிதவறும்.

இச்சிக்கலைத் தீர்க்கவே நம் நாட்டில் அஞ்சல் குறியீட்டு எண் என்னும் பின்கோடு 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இது ஆறு இலக்கங்களைக் கொண்டது. முதல் இலக்கம் அஞ்சல் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றுக்கு அது 6 ஆகும். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். இறுதி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வீடு சேர்க்கும் அஞ்சல் நிலையத்தைக் காட்டும்.

தமிழ்நாட்டு ஆனைகட்டியின் எண் 641108. இதன் முதல் மூன்று இலக்கங்களான 641 கோயம்புத்தூரைக் குறிக்கும். எல்லை கடந்தால் எண் 678 என்று தொடங்கும், அது பாலக்காடு. நீலகிரி ஆனைகட்டிக்கு 643 என்றும், வேலூர்ப் பகுதிக்கு 632 என்றும் எண் தொடங்கும். பெயர் குழப்பினாலும் எண் குழப்பாது. இக்கருத்தை நெஞ்சில் நிறுத்துங்கள். இணையத்தின் முகவரியும் இதே அடிப்படையில் எழுந்ததே.

எண்ணால் அறியும் இணையம்

உலகெங்கும் உள்ள கணினிகளும் கைப்பேசிகளும் ஒன்றோடொன்று இணைந்த பெருவலையே இணையம். இவ்வலையில் இணையும் கருவி ஒவ்வொன்றும் ஓர் எண்முகவரியைப் பெறுகிறது. இதனை ஐ.பி. முகவரி என்பர். 203.0.113.5 என்பது போல, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக அது அமையும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இங்கே காட்டிய எண் பாடநூல்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது.

இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்முகவரிகளே கிடைக்கும். உலக மக்கள்தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. ஆகவே, இதனினும் மிக நீண்ட எண்களைக் கொண்ட ஆறாம் பதிப்பு முறையும் இன்று வழக்கில் உள்ளது.

ஒரு செய்தியைக் கருத்தில் கொள்க. நம் கைப்பேசியின் எண்முகவரி நிலையானதன்று. வீட்டில் ஓர் எண்ணும், எல்லையைக் கடந்து வேறு கோபுரத்தின் அலையில் இணையும்போது வேறோர் எண்ணும் அதற்குக் கிடைக்கலாம். வேலைக்கேற்ப வீடு மாறும் நம் குடும்பங்களைப் போன்றதே அது. அவ்வாறாயின், மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை நம்பி நம் உறவினர் நமக்கு எவ்வாறு கடிதம் எழுதுவர்? அதற்கே பெயர்கள் தேவைப்பட்டன.

களப்பெயரும் அதனைப் படிக்கும் முறையும்

தொடக்கக் காலத்தில் இணையத்தில் சில நூறு கணினிகளே இருந்தன. இன்ன பெயருக்கு இன்ன எண் என்னும் பட்டியல் ஒன்றைக் கலிபோர்னியாவில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் பேணி வந்தது. எல்லாரும் அப்பட்டியலைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே பட்டியலும் பெருகியது. ஒரே இடத்தில் அதனைப் பேணுதல் அரிதாயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்பார் களப்பெயர் முறையை வகுத்தார். ஆங்கிலத்தில் இதனை டொமைன் நேம் சிஸ்டம் என்றும், சுருக்கமாக டி.என்.எஸ். என்றும் கூறுவர். ஒரே பட்டியலைப் பல அலுவலகங்கள் பகிர்ந்து பேணும் முறை இது.

ஓர் உறையின்மேல் முகவரியை நாம் எவ்வாறு எழுதுகிறோம்? முதலில் பெயர், பிறகு வீட்டு எண், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம். சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிக்கிறோம். ஆனால் அஞ்சல் ஊழியர் அதனை எங்கிருந்து படிக்கிறார்? இறுதி வரியில் உள்ள பின்கோட்டிலிருந்து படிக்கிறார். மண்டலம், மாவட்டம், அஞ்சல் நிலையம் என்று பெரியதிலிருந்து சிறியதை நோக்கிச் செல்கிறார். பெறுபவரின் பெயரை இறுதியாகப் படிப்பவர் தெருவில் நடந்துவரும் அஞ்சல்காரரே.

களப்பெயரும் அவ்வாறே. நாம் அதனை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். இணையமோ வலமிருந்து இடமாகப் படிக்கிறது. "பள்ளி.எக்ஸாம்பிள்.காம்" என்னும் முகவரியை எடுத்துக்கொள்வோம். நடைமுறையில் இவ்வகை முகவரிகளை ஆங்கில எழுத்துகளில் இடுவர். கற்றல் எளிமைக்காக இங்கே தமிழில் ஒலிபெயர்த்துள்ளோம். இதில்,

'காம்' என்பது பெரும்பிரிவு, மாநிலத்தைப் போன்றது.
'எக்ஸாம்பிள்' என்பது அப்பிரிவினுள் ஒருவர் பதிவு செய்துகொண்ட பெயர், ஊரைப் போன்றது.
'பள்ளி' என்பது அவ்வூருக்குள் உள்ள ஓர் இல்லம்.

நாம் உலாவியில் இம்முகவரியை இட்டவுடன் நம் சார்பாக ஒரு கணினி விசாரிக்கத் தொடங்குகிறது. முதலில் மூல வழங்கிகளைக் கேட்கிறது. உலகில் 13 பெயர்களில் அவை உள்ளன. அவற்றின் படிகள் நம் நாடு உட்படப் பல நாடுகளில் வைக்கப்பட்டுள்ளன. மூல வழங்கி, "காம் பிரிவைக் காப்பவர் இன்னார், அவரைக் கேள்" என்று வழிகாட்டும். அவர், "எக்ஸாம்பிள் என்னும் பெயருக்கு உரியவர் இன்னார், அவரைக் கேள்" என்பார். இறுதியில் உரியவரிடமிருந்து எண்முகவரி கிடைக்கிறது. புதிய ஊரில் உறவினர் வீட்டைத் தேடிச் செல்பவர் பேருந்து நிலையத்தில் ஒருவரையும், தெருமுனையில் ஒருவரையும், பக்கத்து வீட்டில் ஒருவரையும் கேட்பதைப் போன்றது இது. இத்தனை விசாரணையும் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. ஒருமுறை அறிந்த எண்ணைச் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்வதால், மறுமுறை அதே விசாரணை தேவைப்படுவதில்லை.

முகவரியின் இறுதிப் பகுதி நமக்குப் பல செய்திகளைச் சொல்லும். 'இன்' என்று முடிந்தால் அது இந்தியாவுக்கு உரிய பிரிவு. நிக்சி என்னும் அமைப்பு 2005ஆம் ஆண்டு முதல் இப்பிரிவின் பதிவுகளை மேற்பார்வை செய்கிறது. 'கவ்.இன்' என்று முடிவது இந்திய அரசு சார்ந்த தளம். 'ஏசி.இன்' என்று முடிவது கல்வி நிறுவனத்தின் தளம். 'எஸ்.ஜி.' சிங்கப்பூரையும் 'எல்.கே.' இலங்கையையும் குறிக்கும்.

மின்னஞ்சல் முகவரி

இணையத்தளத்தின் முகவரி ஓர் இடத்தைக் காட்டும். மின்னஞ்சல் முகவரியோ அவ்விடத்தில் உள்ள ஒருவரைக் காட்டும். "மலர்விழி@எக்ஸாம்பிள்.காம்" என்பதைக் காண்க. இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலில் நிற்பது பயனர் பெயர். இறுதியில் நிற்பது களப்பெயர். நடுவில் நிற்பது '@' என்னும் குறி.

இக்குறியை மின்னஞ்சலுக்குத் தெரிந்தெடுத்தவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1971ஆம் ஆண்டில் அவர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் முறையை உருவாக்கினார். அவ்விரு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தன. எனினும் செய்தி வலையமைப்பின் வழியாகவே சென்றது. பெயரையும் இடத்தையும் பிரித்துக்காட்ட அவருக்கு ஒரு குறி தேவைப்பட்டது. மக்களின் பெயர்களில் வராத குறியாகவும், 'இவ்விடத்தில்' என்னும் பொருள் தருவதாகவும் '@' இருந்தமையால் அதனைத் தேர்ந்தார். வணிகக் கணக்குகளில் 'ஒன்றுக்கு இவ்வளவு வீதம்' என்று காட்ட இக்குறி பயன்பட்டது. அதனால்தான் நம்மவர் இன்றும் இதனை 'அட் த ரேட்' என்று படிக்கின்றனர்.

தமிழ் இலக்கணம் கற்ற நமக்கு இக்குறி புதியதன்று. இடப்பொருளை உணர்த்துவது ஏழாம் வேற்றுமை. 'கண்', 'இல்', 'இடம்' முதலியன அதன் உருபுகள். 'ஆனைகட்டியில் மலர்விழி' என்பதில் 'இல்' செய்யும் வேலையை மின்னஞ்சலில் '@' செய்கிறது. எக்ஸாம்பிள்.காம் என்னும் இடத்தின்கண் உள்ள மலர்விழி என்பதே அம்முகவரியின் பொருள்.

ஒரே ஊரில் ஆயிரம் மலர்விழிகள் இருக்கலாம். ஆனால் ஒரு களத்திற்குள் ஒரு பயனர் பெயர் ஒருவருக்கே உரியது. ஆகவேதான் முன்னரே ஒருவர் எடுத்துக்கொண்ட பெயரை நாம் கேட்டால், எண்ணையோ எழுத்தையோ சேர்த்து வேறு பெயர் அமைக்குமாறு அது கூறுகிறது.

மின்னஞ்சல் செல்லும் வழி

அட்டப்பாடியில் உள்ள மலர்விழி, சிங்கப்பூரில் பணிபுரியும் தன் தாய்மாமனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறாள் என்று கொள்வோம். அனுப்பு என்னும் பொத்தானை அழுத்தியவுடன் பின்வருவன நிகழ்கின்றன.

முதலாவதாக, அக்கடிதம் அவள் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் அஞ்சல் வழங்கியை அடைகிறது. அது நம் ஊர் அஞ்சல் நிலையத்தைப் போன்றது.

இரண்டாவதாக, அவ்வழங்கி '@' குறிக்கு வலப்புறம் உள்ள களப்பெயரை மட்டும் படிக்கிறது. "இக்களத்திற்கு வரும் அஞ்சலைப் பெறும் வழங்கி எது?" என்று களப்பெயர் முறையிடம் கேட்டு, அதன் எண்முகவரியை அறிகிறது.

மூன்றாவதாக, கடிதம் சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்படுகிறது. பொதி ஒவ்வொன்றின்மேலும் செல்லவேண்டிய எண்முகவரி பொறிக்கப்படுகிறது. அப்பொதிகள் கண்ணாடி இழை வழியாகவும், தேவையானால் கடலடி வடங்களின் வழியாகவும் விரைகின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைக்கும் கடலடி வடம் ஒன்று 2002ஆம் ஆண்டு முதல் உள்ளது. அதன் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். நம் முன்னோர் கப்பலில் நாள் கணக்கில் கடந்த கடலை, இன்று நம் சொற்கள் நொடிக்குள் கடக்கின்றன.

நான்காவதாக, பெறும் வழங்கி பொதிகளை ஒன்றுசேர்த்து, '@' குறிக்கு இடப்புறம் உள்ள பயனர் பெயரைப் படிக்கிறது. அப்பெயருக்குரிய பெட்டியில் கடிதத்தை வைக்கிறது. மாமன் உறங்கிக்கொண்டிருந்தாலும், அவர் கைப்பேசி அணைந்திருந்தாலும் கடிதம் பெட்டியில் காத்திருக்கும். கடவுச்சொல் என்னும் திறவுகோலால் அவர் திறந்து படிப்பார்.

பயனர் பெயரைப் பிழையாக எழுதினால் என்ன ஆகும்? அப்பெயரில் யாரும் இல்லையெனில், "சேர்க்க இயலவில்லை" என்னும் குறிப்புடன் கடிதம் நம்மிடமே திரும்பிவிடும். ஆனால் அப்பிழையான பெயரில் வேறு ஒருவர் இருந்தால் கடிதம் அவரிடம் சென்றுவிடும். திரும்பியும் வாராது, அது தவறிய செய்தியை நாம் அறியவும் மாட்டோம். எனவே ஓர் எழுத்து, ஒரு புள்ளி ஆயினும் சரிபார்த்தல் வேண்டும்.

வாராத கடிதம்

இனி, என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். அவள் எட்டாம் வகுப்பில் படித்தபோது, அவ்வகுப்பினர் மட்டுமே எழுதக்கூடிய உதவித்தொகைத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். தந்தையுடன் ஒரு கணினி மையத்திற்குச் சென்றாள். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கப்பட்டது. தந்தைக்கு அப்படி ஒன்று இல்லை. வரிசையில் பலர் காத்திருந்தனர். மையத்தில் இருந்தவர், தாமே அவள் பெயரில் ஒரு முகவரியை உருவாக்கி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டார். கடவுச்சொல்லை இவர்கள் கேட்கவில்லை. அவரும் எழுதித் தரவில்லை.

தேர்வுக்கான நுழைவுச்சீட்டு அம்மின்னஞ்சலுக்கே வந்தது. பெட்டியைத் திறந்து பார்ப்பார் யாருமில்லை. நாள் நெருங்கியபின் இருவரும் மையத்திற்கு ஓடினர். நாள்தோறும் பலருக்கு அவ்வாறு முகவரி உருவாக்கித் தருபவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டிருந்தார். தேர்வு நாள் கடந்தது. அடுத்த ஆண்டு அவள் ஒன்பதாம் வகுப்புக்குச் சென்றுவிட்டதால் அத்தேர்வை எழுதும் தகுதியும் நீங்கியது.

அவள் என்னிடம், "என் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது ஐயா. அது இருக்கும் பெட்டியின் சாவிதான் என்னிடம் இல்லை" என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் பேச்சு எழவில்லை. நான் ஆண்டுதோறும் தமிழில் கடிதம் எழுதக் கற்பித்தவன். 'அனுப்புநர்', 'பெறுநர்' எங்கே எழுதவேண்டும் என்று மதிப்பெண் இட்டவன். அக்கடிதத்தைப் பெறும் பெட்டியைப் பற்றி ஒருநாளும் சொல்லாமல் விட்டேனே என்று வருந்தினேன். இப்பாடம் அவ்வருத்தத்தில் பிறந்தது.

மறுவாரம் அவளும் தந்தையும் என் முன்னிலையில் தமக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியை அமைத்துக்கொண்டனர். கடவுச்சொல்லை அவளே தட்டச்சு செய்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்று அவள் தெருவில் உள்ளோர் விண்ணப்பம் எழுதச் செல்லுமுன் அவளைக் கேட்டே செல்கின்றனர். "முகவரி உங்களுடையதா? சாவி உங்களிடம் உள்ளதா?" என்பவையே அவள் கேட்கும் முதல் இரு கேள்விகள்.

வீடு மாறலாம், மாவட்டம் மாறலாம், மாநிலமும் மாறலாம். மின்னஞ்சல் முகவரி நம்முடன் வரும். ஊர்தோறும் இடம்பெயரும் குடும்பத்திற்கு அதுவே நிலைத்த முகவரி. 'எதை எழுதுவது ஐயா?' என்று கேட்ட மாணவனுக்கு இப்போது விடை கிடைத்தது.

தமிழில் முகவரி

இணைய முகவரி ஆங்கில எழுத்தில்தான் இருக்கவேண்டுமா? நெடுங்காலம் அப்படியே இருந்தது. பின்னர் உலக மொழிகளின் எழுத்துகளிலும் களப்பெயர் அமைக்க வழி பிறந்தது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்னும் மூன்று பெரும்பிரிவுகள் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் இடம்பெற்றன. மூன்று நாடுகள் தம் இணைய முகவரியில் நம் மொழியை ஏற்றிருப்பது நாம் மகிழத்தக்கது.

இது எவ்வாறு இயல்கிறது? ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. நாம் தமிழில் இடும் பெயரை உலாவி அவ்வெண்களைக் கொண்டு ஆங்கில எழுத்துத் தொடர் ஒன்றாக மாற்றிக்கொள்கிறது. களப்பெயர் முறை அத்தொடரைத் தேடுகிறது. நம் கண்ணுக்குத் தமிழ். வழங்கிக்கு அதன் மாற்றுவடிவம். பயனர் பெயரையும் பிறமொழி எழுத்துகளில் அமைப்பதற்கான நெறிமுறைகள் 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. எனினும் எல்லா நிறுவனங்களும் இன்னும் அவற்றை ஏற்கவில்லை. ஆகவே விண்ணப்பங்களுக்கு ஆங்கில எழுத்தில் அமைந்த முகவரியே இப்போது ஏற்றது. கடிதத்தின் உள்ளே தமிழில் எழுதத் தடையேதும் இல்லை.

ஏமாறாதிருக்க

பொய்முகவரி கொண்டு ஏமாற்றுவோர் பலர். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, உடனே இங்கே அழுத்துக" என்று செய்தி வரும். அப்போது பதறாமல் முகவரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

"வங்கி.பேங்க்.இன்" என்பதில் இறுதி 'பேங்க்.இன்'. இந்திய வங்கிகள் இம்முடிவைக் கொண்ட முகவரிக்கு மாறவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டில் ஆணையிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே இப்பிரிவில் இடம் உண்டு. "வங்கி.பேங்க்.இன்.பரிசு.காம்" என்பதையோ வலமிருந்து படித்தால் 'காம்', அடுத்து 'பரிசு' என்று வரும். அது 'பரிசு.காம்' என்பவரின் வீடு. வங்கியின் பெயரை வாயிலில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார், அவ்வளவே.

முகவரிக்கு முன் தோன்றும் பூட்டுக்குறியைக் கண்டும் மயங்கவேண்டா. இடைவழியில் பிறர் படிக்க இயலாதவாறு செய்தி காக்கப்படுகிறது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சான்றாகாது.

தெரிந்து தெளிவோம்

● இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வழங்கப்பட்டது. பின்கோடு வந்ததும் ஆகஸ்டு 15ஆம் நாளே.
● 'இணையம்' என்னும் சொல்லை ஆக்கியவர் சிங்கப்பூர்த் தமிழறிஞர் நா. கோவிந்தசாமி என்பர்.
● உலகத் தமிழர் இணையவழித் தமிழ் கற்பதற்காகத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகிறது.
● 18 வயது நிறையாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எனவே மின்னஞ்சல் கணக்கைப் பெற்றோர் துணையுடன் தொடங்குக.
● இணையவழியில் பணத்தை இழந்தோர் உடனே அழைக்கவேண்டிய எண் 1930.

சொல்லும் பொருளும்

உலாவி – இணையத்தளங்களைக் காட்டும் செயலி
வழங்கி – பிற கணினிகள் கேட்பதை வழங்கும் கணினி (சர்வர்)
களப்பெயர் – இணையத்தில் ஓர் இடத்திற்குப் பதிவு செய்த பெயர்
பொதி – பகுக்கப்பட்ட செய்தியின் சிறு பகுதி
கடவுச்சொல் – கணக்கைத் திறக்கும் மறைசொல்

இலக்கணம் அறிவோம்

மின் + அஞ்சல் = மின்னஞ்சல். தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய்யெழுத்து, வருமொழி உயிரெழுத்தில் தொடங்கினால் இரட்டிக்கும். 'மி' என்பது தனிக்குறில். அதனை அடுத்த 'ன்' இரட்டித்து, 'அ' அதனுடன் சேர்ந்தது.

முகம் + வரி = முகவரி. நிலைமொழி இறுதியில் உள்ள 'ம்' கெட்டது.

களம் + பெயர் = களப்பெயர். 'ம்' கெட்டு, வருமொழியின் வல்லினம் மிகுந்தது.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. 641 என்று தொடங்கும் பின்கோடு குறிக்கும் பகுதி ______.
(பாலக்காடு / கோயம்புத்தூர் / நீலகிரி / வேலூர்)
2. '@' குறியின் பொருளோடு ஒத்த வேற்றுமை ______.
(இரண்டாம் வேற்றுமை / நான்காம் வேற்றுமை / ஆறாம் வேற்றுமை / ஏழாம் வேற்றுமை)
3. அனுப்பும் வழங்கி முதலில் படிக்கும் பகுதி ______.
(பயனர் பெயர் / களப்பெயர் / கடவுச்சொல் / பொருள்)

ஆ. சேர்த்து எழுதுக.
1. பொன் + எழுத்து   2. கண் + இமை   3. மரம் + கிளை   4. கடவு + சொல்

இ. குறுவினா
1. ஊர்ப்பெயர் இருந்தும் பின்கோடு ஏன் தேவைப்படுகிறது? ஆனைகட்டியைக் கொண்டு விளக்குக.
2. பயனர் பெயரைப் பிழையாக எழுதினால் நிகழக்கூடிய இரண்டு விளைவுகள் யாவை?

ஈ. சிறுவினா
1. உறையின்மேல் உள்ள முகவரிக்கும் களப்பெயருக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
2. "தேர்வு.கவ்.இன்", "தேர்வு.கவ்.இன்.உதவி.காம்" ஆகிய இரு முகவரிகளில் எது அரசுத் தளத்திற்கு உரியது? காரணம் கூறுக.

உ. சிந்தனை வினா
மாணவியின் விண்ணப்பத்தில் நேர்ந்த இழப்பை எந்தெந்த இடத்தில் தடுத்திருக்க முடியும்? மாணவி, தந்தை, கணினி மையத்தார், ஆசிரியர் ஆகிய நால்வரின் நிலையிலிருந்தும் எழுதுக.

ஊ. கற்பவை கற்றபின்
1. உங்கள் இல்லத்தின் அஞ்சல் முகவரியையும், சொந்த ஊரில் வாழும் உறவினர் ஒருவரின் அஞ்சல் முகவரியையும் பின்கோட்டுடன் எழுதி, எண்களில் உள்ள வேறுபாட்டைக் கண்டறிக.
2. வீட்டில் உள்ளோருக்கு மின்னஞ்சல் முகவரி உள்ளதா, அதன் கடவுச்சொல் யாரிடம் உள்ளது எனக் கேட்டறிக. கடவுச்சொல்லை ஏட்டிலும் எழுதாதீர், வகுப்பிலும் கூறாதீர்.
3. சொந்த ஊரில் உள்ள தாத்தா, பாட்டிக்கோ வேறு உறவினருக்கோ தமிழில் ஒரு மின்னஞ்சல் எழுதுக. 'பொருள்' என்னும் இடத்தை வெறுமையாக விடாதீர். கடிதத்தின் இறுதியில் உங்கள் பெயரையும், இப்போது வாழும் ஊரையும் எழுதுக.